மேற்கோள் போதும், முழுப் பிரசங்கத்தையும் படியுங்கள்

அன்புள்ள போதகர்களுக்கும் குருக்களுக்கும் இறையியல் மாணவர்களுக்கும்,

சில ஊர்களில் உங்களை ஐயர் என்போம், சில ஊர்களில் சாமி, சில இடங்களில் பாஸ்டர். எந்தப் பெயரில் அழைத்தாலும் ஞாயிறு காலையில் நீங்கள் செய்யும் வேலை ஒன்றுதான்: நற்செய்தியில் ஒரு பகுதியை வாசித்து எங்களுக்கு விளக்குகிறீர்கள். பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கேட்கும் கூட்டத்தில் நானும் ஒருவன். இறையியல் பட்டம் எதுவும் எனக்குக் கிடையாது. ஆதித் திருச்சபையின் எழுத்துகளை ஆர்வத்தினால் வாசித்து வருபவன், அவ்வளவே. கேட்பவனுக்கும் சொல்வதற்கு ஏதாவது இருக்கும் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

கொஞ்ச காலமாக நம் பிரசங்கங்களில் ஆதித் திருச்சபைத் தந்தையர் அடிக்கடி தலைகாட்டுகிறார்கள். பேச்சின் நடுவில் ஒரு வாக்கியம் வரும். அதற்கு முன்னால் ‘அகுஸ்தீன் சொல்லுகிறார்’ என்று ஓர் அறிமுகம், பின்னால் ஒரு நீண்ட நிறுத்தம். வாட்ஸ்அப்பில் வரும் படங்களிலும் இதே கதைதான்; தாடி வைத்த ஒரு முகம், பக்கத்தில் இரண்டு வரி. எந்த ஊரில், யாரைப் பார்த்து, எந்த வேதப் பகுதியை விளக்கும்போது அவர் அதைச் சொன்னார் என்று கேட்டால் பதில் வருவதில்லை. சில சமயம் அவர் அதைச் சொல்லியே இருக்க மாட்டார். சாட்சிக் கூண்டில் ஏற்றிய ஆட்களைப் போல, நம் கட்சிக்குச் சாதகமாக ஒரு வரி சொல்லிவிட்டு அவர்கள் இறங்கிவிட வேண்டும். அவர்களும் உங்களைப் போலவே வாரந்தோறும் ஒரு கூட்டத்தின் முன் நின்று திண்டாடியவர்கள் என்பது நமக்கு மறந்துபோகிறது.

என் கோரிக்கை ஒன்றே ஒன்று. நீங்கள் பிரசங்கிக்கப்போகும் நற்செய்திப் பகுதியின்மேல் முதல் ஆறு நூற்றாண்டுகளில் யாராவது ஒருவர் செய்த பிரசங்கத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்துவிட்டுப் பீடம் ஏறுங்கள். படித்ததிலிருந்து ஒரு வரிகூட எங்களுக்கு நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இதனால் என்ன வந்துவிடும் என்று கேட்பீர்கள். லூக்கா 16-ஆம் அதிகாரத்தில் வரும் ஐசுவரியவானும் லாசருவும் கதையை எடுத்துக்கொள்வோம். இதை நான் பல பீடங்களிலிருந்து கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் அது நரகத்துக்கு வரைந்த வரைபடமாகத்தான் வரும். அக்கினி எப்படி, தாகம் எப்படி, நடுவில் உள்ள பிளப்பு எவ்வளவு ஆழம் என்றெல்லாம் போய், நரகத்தின் வெப்பநிலை ஒன்றைத்தான் சொல்லாமல் விடுவார்கள். வாசலில் கிடந்த மனிதன் முதல் ஐந்து நிமிடத்திலேயே காணாமல் போய்விடுவான்.

யோவான் கிறிசோஸ்தம் அந்தியோக்கியாவில் குருவாக இருந்தபோது, 388-ஐ ஒட்டிய காலத்தில், இந்த ஒரே கதையின்மேல் ஏழு பிரசங்கங்கள் செய்தார். முதல் பிரசங்கம் புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் நகரமே குடியும் கூத்துமாகக் கிடந்ததற்கு மறுநாள். அவர் நரகத்திலிருந்து தொடங்கவில்லை. லாசரு வாசலில் கிடந்த கிடையிலேயே வெகுநேரம் நிற்கிறார். அவனுடைய துன்பங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கிறார். வறுமை ஒன்று, நோய் இன்னொன்று, உதவ ஆளில்லாதது வேறொன்று. ஆளில்லாத வனாந்தரத்தில் கிடந்து பசித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது; சாப்பிட்டுக் களிப்பவர்கள் நாள்தோறும் தன்னைத் தாண்டி உள்ளே போவதையும் வெளியே வருவதையும் பார்த்துக்கொண்டே பசித்திருந்தான். இத்தோடு அவர் சொல்லும் இன்னொன்றுதான் என்னை நிறுத்தியது. நமக்குத் துன்பம் வந்தால் லாசருவை நினைத்து ஆறுதல் கொள்ளலாம். அந்த மனிதனுக்கு நினைத்துக்கொள்ள இன்னொரு லாசரு இல்லை. அவனுக்கு முன்னால் அந்தக் கதையை யாரும் சொல்லியிருக்கவில்லை.

பிறகு ஐசுவரியவானிடம் வருகிறார். இவன் லாசருவை அடித்தானா, அவன் பொருளைப் பிடுங்கினானா? கதையில் அப்படி எதுவும் இல்லை. தன்னுடையதைத் தானே அனுபவித்தான். அப்படியானால் குற்றம் எங்கே? தன்னிடம் உள்ளதைப் பகிராமல் இருப்பதே களவுதான் என்கிறார் கிறிசோஸ்தம். அந்தியோக்கியா பணக்கார நகரம். அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் தாங்கள் யார் சொத்தையும் தொடவில்லை என்ற நிம்மதியோடு வந்தவர்களாக இருந்திருப்பார்கள்.

இனி ஒரு சின்னக் கேள்வி, ஆனால் பிரசங்கிக்குத் தங்கம் போன்றது. லாசரு ஏன் ஆபிரகாமின் மடியில் இருக்கிறான்? நோவா இருக்கிறார், யோபு இருக்கிறார், வேறு எத்தனையோ நீதிமான்கள் இருக்கிறார்கள். கிறிசோஸ்தம் ஆதியாகமம் 18-க்குப் போகிறார். உச்சிவெயிலில் கூடார வாசலில் உட்கார்ந்து, வழிப்போக்கர் யாராவது வருவார்களா என்று காத்திருந்து, வந்தவர்களை ஓடிப்போய் அழைத்துவந்தவர் ஆபிரகாம். தன் வாசலிலேயே கிடந்தவனைக் கண்டுகொள்ளாத ஐசுவரியவான், வாசலில் காத்திருந்து விருந்தினரைத் தேடிய மனிதரின் மடியில் அவனைப் பார்க்க நேர்கிறது. குற்றச்சாட்டை யாரும் வாயால் சொல்ல வேண்டியதில்லை, அந்தக் காட்சியே போதும். ஆதியாகமமும் லூக்காவும் ஒரே வாசலில் சந்திக்கின்றன. இன்றைய விளக்க நூல்கள் பல ‘ஆபிரகாமின் மடி’ பற்றி யூதப் பின்னணி, விருந்தில் சாய்ந்திருக்கும் வழக்கம் என்று நல்ல தகவல்கள் தரும். அவற்றையும் படியுங்கள். ஆனால் வேதத்தின் ஒரு பக்கத்தை இன்னொரு பக்கத்தால் திறக்கும் இந்தக் கண் தகவலால் வருவதில்லை. ஆண்டுக்கணக்கில் வேதத்துக்குள்ளேயே குடியிருந்தவர்களுக்குத்தான் வரும்.

அந்த ஏழு பிரசங்கங்களில் இன்னும் உண்டு. பிச்சை கேட்பவனின் நடத்தையை விசாரித்துக்கொண்டு நிற்காதீர்கள், கப்பல் உடைந்து வருபவனைத் துறைமுகம் நல்லவனா கெட்டவனா என்று கேட்பதில்லை என்கிறார். நாடகத்தில் ராஜா வேடம் போட்டவன் மாலையில் முகமூடியைக் கழற்றும்போது யாரென்று தெரிவதுபோல, சாவு வரும்போது பணக்காரன் யார், ஏழை யார் என்று தெரியும் என்கிறார். தொடரின் நடுவே நிலநடுக்கம் வந்து நகரம் நடுங்கியிருக்கிறது. அதையும் பேச்சுக்குள் கொண்டுவருகிறார். இவற்றில் எந்த வரியையும் பிய்த்து எடுத்துச் சுவரில் ஒட்டலாம். ஆனால் ஏழையின் பக்கத்தில் அவ்வளவு நேரம் நின்ற பிறகு வருவதால்தான் அவை சுடுகின்றன. பின்னால் கான்ஸ்டான்டிநோபிளில் பேராயராகி, அரண்மனையையும் இப்படியே பேசிப் பகைத்துக்கொண்டு, நாடு கடத்தப்பட்டு, நடக்கவைத்தே கொண்டுபோன வழியில் 407-இல் இறந்தார் என்பதையும் சேர்த்துப் படித்தால், இவர் மேற்கோளுக்குச் சௌகரியமான ஆள் இல்லை என்று புரியும்.

இவர்களும் பிரசங்கிகள்தான் என்று சொன்னேன். அதற்கு அவர்களுடைய பேச்சுகளிலேயே தடயம் இருக்கிறது. சுருக்கெழுத்தாளர்கள் உடனுக்குடன் எழுதியெடுத்ததால் ஆராதனையின் சலசலப்பும் அவற்றில் பதிந்துவிட்டது. ஆதியாகமத்தின்மேல் ஒரு மாலைப் பிரசங்கத்தில் கிறிசோஸ்தம் திடீரென்று நிறுத்திக் கடிந்துகொள்கிறார்: நான் வேதத்தை விளக்கிக்கொண்டிருக்கிறேன், நீங்கள் எல்லாரும் விளக்கேற்றுகிறவனைத் திரும்பிப் பார்க்கிறீர்களே! இன்று மின்விசிறி சத்தத்தோடும் கைக்குழந்தை அழுகையோடும் மல்லுக்கட்டும் எந்தப் போதகருக்கும் இவர் உறவினர்தான். கைதட்டல் அவருக்குப் பெரிய தொல்லையாக இருந்தது. பேச்சு நன்றாக இருந்தால் கூட்டம் ஆர்ப்பரிக்கும். வீட்டுக்குப் போனால் ஒன்றும் மாறியிருக்காது. இனி யாரும் கைதட்டக் கூடாது என்று ஒரு விதியே வைத்துக்கொள்வோமா என்று சபையிடம் கேட்கும் அளவுக்குப் போயிருக்கிறார்.

அகுஸ்தீன் இதைவிடக் கூர்மையான ஓர் அனுபவத்தை எழுதி வைத்திருக்கிறார். வட ஆப்பிரிக்காவின் செசரியாவில் ஆண்டுதோறும் ஒரு வழக்கம் இருந்தது. ஊர் இரண்டாகப் பிரிந்து, அண்ணன் தம்பி, தகப்பன் மகன் என்றுகூடப் பாராமல், சில நாள் தொடர்ந்து கல்லெறிந்து சண்டையிடுவார்கள். கொலையும் விழும். அதை நிறுத்தும்படி அகுஸ்தீன் பேசினார். கூட்டம் கைதட்டியது. கைதட்டுகிறார்கள் என்றால் இன்னும் ஒன்றும் நடக்கவில்லை என்று புரிந்துகொண்டு பேச்சைத் தொடர்ந்தார். அவர்கள் கண்ணில் நீர் வந்த பிறகுதான் முடித்தார். அதை எழுதும்போது எட்டு ஆண்டுக்கும் மேலாக அந்த ஊரில் அப்படிச் சண்டை நடக்கவில்லை என்கிறார். இது அவருடைய ‘கிறிஸ்தவப் போதனை’ என்ற நூலின் நான்காம் பாகத்தில் இருக்கிறது. 426-ஐ ஒட்டி முடித்த பாகம் அது. பிரசங்கக் கலை சொல்லித்தரும் எந்தக் கல்லூரியிலும் அந்த நான்காம் பாகத்தைப் படிக்காமல் ஒருவரைப் பட்டம் வாங்க விடக் கூடாது என்பது என் கட்சி. மேடை நிரம்ப ஒலிபெருக்கி அடுக்கும் கன்வென்ஷன் அமைப்பாளர்களுக்கும் ஒரு பிரதி அனுப்பலாம்.

கட்சி என்றதும் நினைவுக்கு வருகிறது. தந்தையரை நாம் அதிகம் இழுப்பது சண்டைக்குத்தான். மத்தேயு 16-இல் வரும் ‘கல்’ யார்? பேதுருவா, அவருடைய விசுவாசமா, கிறிஸ்துவா? இரண்டு பக்கமும் ஆளுக்கொரு தந்தையின் வரியை நீட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். பேதுரு அறிக்கையிட்ட விசுவாசம்தான் அந்தக் கல் என்று கிறிசோஸ்தம் மத்தேயு பிரசங்கங்களில் சொல்கிறார். அகுஸ்தீன் தொடக்கத்தில் பேதுருவே என்றார், பின்னால் பேதுரு அறிக்கையிட்ட கிறிஸ்துவே என்றார். வயதான காலத்தில் தன் நூல்களையெல்லாம் மறுபார்வை பார்த்தபோது இரண்டு விளக்கங்களையும் குறிப்பிட்டு, எது பொருத்தம் என்பதை வாசகரே தேர்ந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். இவரிடமிருந்து ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்து எதிர்க்கட்சியின் வாயை அடைப்பது எப்படி நியாயமாகும்? எந்தக் கட்சியில் இருந்து கேட்டாலும் பதில் ஒன்றுதான்.

அவர்கள் சொன்னதெல்லாம் வேதவாக்கு என்றும் நான் சொல்லவில்லை. நல்ல சமாரியன் கதையைப் பாருங்கள். ஒரிஜன் லூக்காவின்மேல் செய்த பிரசங்கங்களில் முப்பத்தொன்பது, ஜெரோம் செய்த லத்தீன் மொழிபெயர்ப்பில் தப்பிப் பிழைத்திருக்கின்றன. அவற்றில் ஒன்று இந்தக் கதையைப் பற்றியது. அவருக்கு முந்திய ஒரு மூப்பர் சொன்ன விளக்கம் என்று அவர் தருவது இது: எருசலேமிலிருந்து இறங்கிப் போகிறவன் ஆதாம். எருசலேம் பரதீசு, எரிகோ இந்த உலகம், கள்ளர்கள் பகைச் சக்திகள், ஆசாரியன் நியாயப்பிரமாணம், லேவியன் தீர்க்கதரிசிகள், சமாரியன் கிறிஸ்து. சத்திரம் சபை, இரண்டு பணம் பிதாவும் குமாரனும். அகுஸ்தீன் இதே வழியில் போய்ச் சத்திரக்காரனை அப்போஸ்தலன் பவுலாக்கிவிடுகிறார். இன்று இதை வகுப்பில் சொன்னால் சிரிப்பார்கள். நானும் முதலில் படித்தபோது சிரித்தேன்.

ஆனாலும் அவ்வளவு சீக்கிரம் ஒதுக்க முடியாது. நம் பிரசங்கங்களில் சமாரியன் எப்போதும் நாம்தான். நாம் உதவ வேண்டும், நாம் இறங்க வேண்டும், நாம் கட்டுப்போட வேண்டும். ஒரிஜனின் மூப்பர் கேட்பவனைச் சாலையோரத்தில் அரைகுறை உயிரோடு போட்டுவிடுகிறார். நீ சமாரியன் ஆவதற்கு முன்னால் அடிபட்டுக் கிடந்தவன், உன்னை யாரோ தூக்கிச் சுமந்தார் என்கிறார். ஒரிஜனும் அத்தோடு விட்டுவிடவில்லை. நாமும் கிறிஸ்துவைப் போல விழுந்தவர்களிடம் போக வேண்டும் என்றுதான் முடிக்கிறார். சத்திரத்துக்கும் பணத்துக்கும் விளக்கம் தேடும் பழக்கத்தை விட்டுவிடலாம். உவமையில் ஒவ்வொரு சொல்லையும் துருவ வேண்டாம், அது எதற்காகச் சொல்லப்பட்டதோ அதை எடுத்துக்கொண்டு நிறுத்துங்கள் என்று கிறிசோஸ்தமே திராட்சைத் தோட்ட வேலையாட்கள் உவமையில் எச்சரிக்கிறார். ஒரிஜனுடைய அலெக்சாந்திரியா வழி ஒன்று, கிறிசோஸ்தமுடைய அந்தியோக்கியா வழி ஒன்று. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிப்பவருக்குத் தன் வழி எங்கே போகிறது என்று தெரியவரும்.

தந்தையர் சில இடங்களில் தவறே செய்திருக்கிறார்கள். 2-ஆம் நூற்றாண்டின் இரேனியு, அப்போஸ்தலன் யோவானை நேரில் அறிந்த பொலிக்கார்ப்பின் பேச்சைச் சிறுவயதில் கேட்டவர். அப்போஸ்தலர் காலத்துக்கு அவ்வளவு அருகில் இருந்தவர், இயேசு ஏறக்குறைய ஐம்பது வயதுவரை போதித்தார் என்று வாதிடுகிறார். ஆசியாவின் மூப்பர்கள் சொன்னது என்று ஆதாரமும் காட்டுகிறார். இன்று எந்தச் சபையும் அதை ஏற்பதில்லை. காலத்தால் அருகில் இருந்தது ஒரு சாட்சியம்தான், தீர்ப்பு இல்லை.

இதைவிடக் கனமான தவறு ஒன்று உண்டு. 591-இல் ரோமில் பேரருளாளர் கிரகோரி நற்செய்திப் பிரசங்கம் ஒன்றில், லூக்கா 7-இல் இயேசுவின் பாதங்களைக் கண்ணீரால் நனைத்த பெண்ணையும், பெத்தானியா மரியாளையும், ஏழு பேய்கள் நீங்கப்பெற்ற மகதலேனா மரியாளையும் ஒருவராகவே ஆக்கிவிட்டார். நற்செய்திகளில் அப்படி எங்கும் இல்லை. கிழக்குத் திருச்சபைகள் மூவரையும் வெவ்வேறாகவே வைத்திருந்தன. மேற்கில் இந்த ஒரு பிரசங்கத்தின் செல்வாக்கில், உயிர்த்த ஆண்டவரை முதலில் கண்ட பெண் நூற்றாண்டுகளாக விலைமகளாகவே ஓவியத்திலும் நாடகத்திலும் வந்துகொண்டிருந்தாள். ரோமத் திருச்சபை 1969-இல் நாட்காட்டியைத் திருத்தியபோதுதான் அந்தக் கலப்பு நீங்கியது. 2016-இல் மகதலேனாவின் நாள் அப்போஸ்தலர்களுக்கு இணையான திருவிழாவாக உயர்த்தப்பட்டது. நம் பீடங்களிலோ இன்றும் ஈஸ்டர் காலையில் ‘பாவியான மகதலேனா’ வந்துவிடுகிறாள். பீடத்தில் விழும் ஒரு வாக்கியத்துக்கு 1,400 ஆண்டு ஆயுள் இருக்கக்கூடும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

நான் இவ்வளவு போற்றிய கிறிசோஸ்தமிடமே ஓர் இருட்டு மூலை இருக்கிறது. 386, 387 ஆண்டுகளில் தன் சபையார் யூதர்களின் பண்டிகைகளுக்குப் போவதைத் தடுக்க எட்டுப் பிரசங்கங்கள் செய்தார். அவற்றில் யூதர்களைப் பற்றி அவர் பேசியிருப்பதைப் படிக்கவே கூசுகிறது. பிற்கால யூதப் பகை அவற்றைத் தேடிப் பிடித்துப் பயன்படுத்தியது. சர்தை நகரத்து மெலித்தோவின் 2-ஆம் நூற்றாண்டு பாஸ்காப் பிரசங்கம் அழகான உரைநடை. அதிலும் இதே நஞ்சு கலந்திருக்கிறது. பெரிய வெள்ளிக்கிழமைக்கு இவர்களைப் படிக்கும்போது விழிப்பாக இருங்கள். சிலுவைக்கு ஓர் இனத்தைப் பொறுப்பாக்கும் பேச்சைப் பழையது என்பதற்காக மறுபடி பீடத்தில் ஏற்றக் கூடாது.

‘எங்களுக்கு வேதம் போதும், இவர்கள் எதற்கு’ என்று கேட்கும் சீர்திருத்தச் சபை நண்பர்களுக்கும் பெந்தெகொஸ்தே நண்பர்களுக்கும் இரண்டு பெயர் போதும். கால்வின் கிறிசோஸ்தமின் பிரசங்கங்களைச் சாதாரண மக்கள் படிப்பதற்காகப் பிரெஞ்சில் கொண்டுவரத் திட்டமிட்டு, முன்னுரைகூட எழுதினார். ஜான் வெஸ்லி 1749-இல் தன் போதகர்களுக்காகத் தொடங்கிய நூல் வரிசையில் முதலில் வைத்ததே அப்போஸ்தலிக்கத் தந்தையரைத்தான். வேதம் போதும் என்பவருக்குத்தான் அதை நெடுநேரம் வாசித்தவர்களின் துணை அதிகம் பயன்படும். கத்தோலிக்கக் குருக்களுக்குச் சாக்கே இல்லை. அவர்களுடைய இறைவாசக வழிபாட்டில் தந்தையரின் பகுதி அடிக்கடி வருகிறது. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டில் அவர்களைப் படிக்கச் சொல்லியே இருக்கிறது.

பிரசங்கங்களுக்கும் முந்திய சின்ன ஏடுகளையும் விட்டுவிடாதீர்கள். ‘திதக்கே’ என்ற பன்னிருவர் போதனை நூல், 1056-இல் எழுதப்பட்ட கையெழுத்துப் படி ஒன்றில் இருந்ததைப் பிலோத்தேயு பிரியேன்னியு 1873-இல் கான்ஸ்டான்டிநோபிளில் கண்டுபிடித்தார். பத்துப் பன்னிரண்டு பக்கம்தான். கர்த்தர் கற்பித்த ஜெபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லச் சொல்கிறது. ஊர் ஊராக வரும் ஊழியரைப் பற்றியும் அதில் விதி உண்டு. வந்தவர் ஓரிரண்டு நாள் தங்கலாம், மூன்று நாள் தங்கினால் கள்ளத் தீர்க்கதரிசி. புறப்படும்போது பணம் கேட்டாலும் கள்ளத் தீர்க்கதரிசி. மத்தேயு 10-ஐப் பிரசங்கிக்கும் வாரத்தில் இதைப் படித்துப் பாருங்கள். படித்த பிறகு காணிக்கைக் கவர் அச்சடிக்கக் கொஞ்சம் கை நடுங்கும். யுஸ்தீன் 155-ஐ ஒட்டி எழுதிய முதல் விண்ணப்பத்தில் ஞாயிறு ஆராதனையை விவரிக்கிறார். அப்போஸ்தலரின் நினைவுக் குறிப்புகள், அதாவது நற்செய்திகள், நேரம் இருக்கும் மட்டும் வாசிக்கப்படும். பிறகு தலைவர் அதன்படி நடக்கப் புத்தி சொல்வார். சேர்ந்த காணிக்கை அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் இருப்பவர்களுக்கும் அந்நியருக்கும் போகும். வாசிப்பு எவ்வளவு, பேச்சு எவ்வளவு என்று நம் ஆராதனைகளை அளந்து பார்க்கலாம்.

எங்கே கிடைக்கும் என்று கேட்கும் மாணவர்களுக்கு: 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த 38 பெரிய தொகுதிகள் கொண்ட ஆங்கில வரிசை இணையத்தில் இலவசம். கிறிசோஸ்தமின் மத்தேயு பிரசங்கங்கள் 90, யோவான் பிரசங்கங்கள் 88, அகுஸ்தீனின் யோவான் உரைகள் 124, யுஸ்தீன், இரேனியு, சிப்ரியான் எல்லாரும் அதில் உண்டு. லாசருவைப் பற்றிய ஏழு பிரசங்கங்களில் பெரும்பாலானவை தனியாகச் சிறு புத்தகமாக ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. வசனம் வசனமாகத் தந்தையரின் துணுக்குகளைத் தொகுத்த நூல்களும் இருக்கின்றன. தாமஸ் அக்வினாஸ் 13-ஆம் நூற்றாண்டில் நான்கு நற்செய்திகளுக்கும் செய்த ‘பொற்சங்கிலி’ அவற்றில் பெரியது. அதைக் கதவாகப் பயன்படுத்துங்கள், வீடாக வைத்துக்கொள்ளாதீர்கள். துணுக்கில் ஆளே மாறிப்போவதும் உண்டு. மத்தேயுவின்மேல் எழுதப்பட்ட ஒரு முடிவுறா உரையைக் கிறிசோஸ்தமுடையது என்று இடைக்காலம் முழுக்க நம்பினார்கள். அது அவருடையது இல்லை.

ஆரம்பிக்க இன்னும் ஒன்று சொல்கிறேன். லூக்கா 12-இல் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்தவனைப் பற்றிப் பசிலியார் செய்த பிரசங்கம். 369-ஐ ஒட்டிக் கப்பதோக்கியாவைப் பஞ்சம் வாட்டிய காலத்தோடு சேர்த்து அதைப் படியுங்கள். விளைச்சல் பொங்கி வழிந்தவன் ‘என்ன செய்வேன்’ என்று புலம்புவதைக் கேட்டதும், இது ஒன்றுமில்லாத ஏழை கேட்கும் கேள்வியாயிற்றே என்று பசிலியார் பிடித்துக்கொள்கிறார். களஞ்சியம்தானே வேண்டும், ஏழைகளின் வயிறு இருக்கிறதே என்கிறார். அந்தப் பஞ்சத்தில் அவர் பேசிப் பேசிப் பணக்காரர்களின் களஞ்சியங்களைத் திறக்கவைத்ததாக அவருடைய நண்பர் நசியான்சு கிரகோரி எழுதியிருக்கிறார்.

கடைசியாக, இறையியல் கல்லூரி ஆசிரியர்களிடம். 380-களில் எருசலேமுக்குப் போன எகேரியா என்ற பெண் தன் பயணக் குறிப்பில் எழுதியிருக்கிறார்: அங்கே ஆயருக்குச் சிரிய மொழி தெரிந்தாலும் கிரேக்கத்தில்தான் பேசுவார். கிரேக்கம் தெரியாத மக்களுக்காக ஒரு குரு பக்கத்தில் நின்று சிரியத்தில் சொல்வார். லத்தீன் மட்டும் தெரிந்தவர்களுக்கும் விளக்கிச் சொல்ல ஆட்கள் இருந்தார்கள். நமக்கு அந்தக் குரு இன்னும் வரவில்லை. நற்செய்திகளின்மேல் தந்தையர் செய்த பிரசங்கங்கள் தமிழில் முழுமையாகக் கிடைப்பது மிகக் குறைவு. ஆங்கிலம் சரளமாக வராத கிராமத்துப் போதகர் மேற்கோள் படங்களை நம்புவது அதனால்தான். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. உங்களிடம் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் கல்லூரியை விட்டுப் போகுமுன் ஒரே ஒரு பிரசங்கத்தைத் தமிழில் பெயர்த்துக் கொடுக்க வேண்டும் என்று வையுங்கள். யாருக்கு, எந்த ஊரில் பேசியது என்று அரைப் பக்கக் குறிப்போடு, தவறு இருந்தால் அதையும் சுட்டிக்காட்டி. கிரேக்கமும் லத்தீனும் அறிந்த ஆசிரியர்கள் சரிபார்த்துக் கொடுக்கட்டும். கத்தோலிக்கக் குருமடமும் சீர்திருத்தச் சபைக் கல்லூரியும் இந்த ஒரு வேலையிலாவது சேர்ந்து இறங்கலாம். கிறிசோஸ்தம் இருவருக்கும் பொதுச் சொத்து. லாசருவைப் பற்றிய ஏழு பிரசங்கங்களில் தொடங்குங்கள். அச்சுக்கூலிக்குப் பெஞ்சில் இருக்கும் நாங்கள் பணம் போடுகிறோம்.

இப்படிக்கு,
ஞாயிறுதோறும் கேட்பவரில் ஒருவன்